சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரி: சக்கர நாற்காலியோடு நண்பர்கள் இரண்டு நாள் கடலோரம் போய்வர

#1 — அடையாறு ஐவர்

நண்பர்கள் 5 பேர். ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. சென்னையில் கிளம்பி ஈசிஆர் வழியாகப் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு, ஞாயிறு ராத்திரிக்குள் வீடு திரும்பணும். ஒருவர் முழுநேரமும் சக்கர நாற்காலியில் இருப்பவர்.

நாற்காலி: கையால் ஓட்டும் மடக்கு நாற்காலி. சீட் 18 அங்குலம், வெளி அகலம் 25 அங்குலம், எடை 18 கிலோ. முதுகுத்தண்டுக் காயம், டி10 (மார்புப் பகுதியின் பத்தாவது முள்ளெலும்பு மட்டம்). மேல் உடம்பில் நல்ல வலு. இரண்டு பக்கமும் உயரம் ஏறக்குறைய சமமாக இருந்தால் தானே மாறி உட்கார்வார்.

கேட்க வேண்டியது: தங்க மாமல்லபுரமா, பாண்டியா? எந்த பீச்சில் தண்ணீர் வரைக்கும் போக முடியும்? கார் எது எடுக்கலாம்? ரிசார்ட்டுக்குப் போன் பண்ணினால் எல்லோரும் "வீல்சேர் வரும் சார், ப்ராப்ளம் இல்ல" என்கிறார்கள். அதை நம்பலாமா?

#2 — சாய்தளம்

நம்பாதீங்க. "வீல்சேர் வரும்" என்றால் ரிசப்ஷன் வரைக்கும் வரும் என்று அர்த்தம். பீச்சைப் பிறகு பார்ப்போம், முதலில் பாத்ரூம் கதவு.

நம் ஊர் ரூம்களில் பாத்ரூமுக்கு வைப்பது பெரும்பாலும் இரண்டரை அடிக் கதவு. அது நிலையோடு சேர்த்த அளவு, 30 அங்குலம். நிலைச்சட்டம் பக்கத்துக்கு 2 அங்குலம் என்றால் மிச்சம் 26. கதவு 90 டிகிரி திறந்து நின்றாலும் அதன் தடிமன் வழியிலேயே நிற்கும், அதற்கு ஒன்றேகால் போனால் இருபத்து நாலேமுக்கால். உங்கள் நாற்காலி 25. கால் அங்குலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு உள்ளே இருக்கிற கைப்பிடிக் கம்பி, உயரமான கமோட் எல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை.

அதனால் அகலத்தை வாயால் கேட்காமல் போட்டோவாகக் கேளுங்க. கதவை முழுசாகத் திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரைக்கும் டேப் பிடித்து ஒரு படம். 28 அங்குலம் இருந்தால் கையைச் சக்கரத்தின் தள்ளு வளையத்தில் வைத்தபடியே அவர் தானே ஓட்டிப் போவார். 26–27 என்றால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளணும். அதற்குக் கீழே என்றால் வேறு ரூம் பாருங்க. புதுக் கட்டிடத்துக்கு அரசு வழிகாட்டுதல் சொல்வது 900 மில்லிமீட்டர் தெளிவான வழி, அதாவது 35 அங்குலத்துக்கு மேல். அது கிடைத்தால் கேள்வியே இல்லை.

அதே போனில் இன்னும் நாலு படம்:

பாத்ரூம் வாசல் கல். தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒன்று முதல் 3 அங்குலம் வரை தூக்கி வைத்திருப்பார்கள், உள்ளே தரை இன்னும் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கும். போகும்போது ஏறிவிடலாம். திரும்பும்போது தாழ்ந்த ஈரத் தரையிலிருந்து ஏறுவதுதான் கஷ்டம்.

கமோட்டுக்குப் பக்கத்து இடம். ஒரு பக்கமாவது மூன்று அடி காலியாக இருக்கணும். வாஷ்பேசின் அங்கே நின்றால் போச்சு.

கட்டில் உயரம். மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து எவ்வளவு என்று கேளுங்க. குஷனோடு நாற்காலி 20–21 அங்குலம் இருக்கும், கட்டில் 19 முதல் 22க்குள் இருந்தால் சுகம். இப்போது ரிசார்ட்டுகளில் இரட்டை மெத்தை போட்டு 26 அங்குலத்துக்கு ஏற்றி வைக்கிறார்கள். இறங்குவது சுலபம், ஏறுவது மலை.

கார் நிற்கும் இடத்திலிருந்து ரூம் வாசல் வரைக்கும் ஒரு வீடியோ, நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்க. புல்வெளியில் ஒரு அடிக்கு ஒரு கல் பதித்து அழகுக்குப் பாதை போட்டிருப்பார்கள். முன்சக்கரம் ஒவ்வொரு இடைவெளியிலும் இறங்கி நிற்கும். ஜல்லி கொட்டிய பாதை அதைவிட மோசம்.

#3 — சக்கரம்24

சாய்தளம் சொன்னதோடு ஒன்று. ரூமை மாடியில் கொடுத்துவிட்டு "பசங்க நாலு பேர் தூக்கிட்டு வந்துடுவாங்க" என்பார்கள். அந்த இடத்திலேயே கட் பண்ணுங்க. ராத்திரி 2 மணிக்குக் கீழே போகணும் என்றால் அந்த நாலு பசங்க எங்கே?

கரண்ட் கட்டானால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்க. பல இடத்தில் ஜெனரேட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். தரைத்தளம் கிடைத்தால் லிஃப்ட் கேள்வியே வேண்டாம்.

#4 — டாப் கியர் தாம்பரம்

கார் விஷயம் நான் சொல்றேன்.

சிஎன்ஜி வண்டி வேண்டாம். டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், நாற்காலி போகாது. டாக்சிக்கு வரும் டிசையர், எர்டிகா இப்போ நிறைய சிஎன்ஜிதான். புக் பண்ணும்போதே "பெட்ரோலா, டீசலா, டிக்கி காலியா?" என்று கேட்டு, டிக்கியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. கடைசியில் கேரியரில் கட்டலாம்னு சொல்வாங்க. கட்டலாம்தான். ஆனால் வழியில் ஒவ்வொரு டீக்கடையிலும் கயிறை அவிழ்த்துக் கட்டணும், நாலாவது இடத்தில் "நான் இறங்கலப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லிடுவார். ட்ரிப் அங்கேயே கெட்டது.

நீங்களே ஓட்டினால் 5 பேருக்கு எர்டிகா போதும். கடைசி வரிசையை முழுசா மடக்கிடுங்க. டிரைவர் வைத்தால் 6 பேர். அப்போ கடைசி வரிசையில் ஒரு பாதியை மட்டும் மடக்கி, ஒருத்தர் அங்கே உட்காரணும். கால்தாங்கியைக் கழட்டினால் மடக்கிய நாற்காலி சுமார் ஒரு அடி தடிமன்தான், நிமிர்த்தி வைக்கலாம். குஷனை மட்டும் டிக்கியில் போடாதீங்க, அது எப்பவும் ஆள் கூடவே.

இன்னோவா வசதிதான், ஆனால் சீட் உயரம். நாற்காலியிலிருந்து மேல்நோக்கி மாறணும். சறுக்குப் பலகை (நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவில் பாலமாக வைப்பது) இருந்தாலும் ஏற்றமாகத்தான் இருக்கும். கிளம்பும் முந்தின நாள் வண்டியை வீட்டு வாசலுக்கு வரச் சொல்லி ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

முன் இடது சீட்தான் அவருக்கு. சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, சாய்வைக் கொஞ்சம் சாய்த்து வைக்கணும். வண்டியைப் பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தாதீங்க. கதவைத் திறந்தால் நாற்காலி நிற்க 4 அடி வேணும், அதுவும் வண்டி நிற்கிற அதே மட்டத்தில். பிளாட்பாரம் மேலே நாற்காலி, கீழே கார் என்றால் விழுவதற்குத்தான் வழி.

#5 — அடையாறு ஐவர்

நன்றிண்ணே, சிஎன்ஜி விஷயம் தோன்றவே இல்லை. இவருக்குப் பாண்டியில் பிரெஞ்சு வீதிகளில், ஒரு பழைய வீட்டில் தங்கணும் என்று ஆசை. அது நடக்குமா?

#6 — சாய்தளம்

நடக்கும். தேடணும், இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, வாசல் படி. பழைய வீடுகள் தெருவிலிருந்து இரண்டு, மூன்று படி உயரத்தில் நிற்கும். கணக்கு இதுதான்: சாய்தளம் (ராம்ப்) என்றால் 1க்கு 12, அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். படி உயரம் 6 அங்குலம் ஒன்றே ஒன்று என்றாலும் பலகை நீளம் 6 அடி வேண்டும். மூன்று படி, 18 அங்குலம் என்றால் 18 அடி. தெருவையே அடைத்துவிடும். பின்னால் வலுவான ஆள் ஒருவர் பிடித்துத் தள்ளுகிறார் என்றால் 1க்கு 8 வரை சமாளிக்கலாம். 6 அங்குலத்துக்கு 4 அடி. அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்னால் மல்லாக்கும், கால்தாங்கி பலகையின் அடியில் முட்டும். விடுதிக்காரர்கள் "ராம்ப் இருக்கு" என்று காட்டுவது பல நேரம் பைக் ஏற்றுகிற 2 அடி இரும்புப் பலகை. அது ராம்ப் இல்லை.

இரண்டு, முற்றம். முற்றத்தைச் சுற்றி அறைகள், நடுவில் ஒரு படி இறக்கம், சாப்பாட்டு மேசை அந்த இறக்கத்தில். அறைக்கும் மேசைக்கும் நடுவில் ஒவ்வொரு வேளையும் இரண்டு பேர் வேண்டும்.

ஒரே படி, தரைத்தள அறை, பாத்ரூம் அளவு சரி என்று ஒரு வீடு கிடைத்தால் தயங்காமல் போடுங்க. கிடைக்கவில்லையா, தூங்குவதைப் புதுக் கட்டிடத்தில் வைத்துக்கொண்டு, அந்த வீதிகளைச் சாயங்காலமும் விடிகாலையும் சுற்றலாம். தெருக்கள் சமதளம், நேர்க்கோடு, வண்டி கம்மி. பிளாட்பாரத்தில் ஏறாமல் ரோட்டிலேயே ஓட்டுங்க.

#7 — கடலோடி

பீச் ஒவ்வொன்றாக.

மெரினா: விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தர மரப்பாதை, 2022 நவம்பர் 27 அன்று திறந்தது. நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். இரண்டு நாற்காலி எதிரெதிரே தாராளமாகப் போகும். திறந்து இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் கடல் முனைப் பகுதி சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். ஆகவே புயல், பெருமழை முடிந்த கையோடு போவதானால் முந்தின நாளே திறந்திருக்கிறதா என்று விசாரியுங்க. பெசன்ட் நகரிலும் 2024இல் இதே மாதிரி மரப்பாதை வந்துவிட்டது.

இந்தப் பாதைகள் உங்களைக் கடலுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும். காலை நனைக்க வைக்காது. கடைசி சில மீட்டர் மணல்தான். ஞாயிறு சாயங்காலம் போனால் ஊரே அந்தப் பலகை மேல்தான் நிற்கும், வழி விடச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றும். காலை 6 மணி என்றால் வாக்கிங் ஆட்கள் மட்டும். காற்றில் மணல் வந்து பலகை மேல் மேடு கட்டியிருக்கும். முன்சக்கரம் அங்கே திடீரென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்வார். முன்னே போகிற நண்பர் காலால் தள்ளிக்கொண்டே போனால் சரி.

கோவளம்: 2021இல் நீலக்கொடிச் சான்று (சுத்தம், பாதுகாப்பு, வசதி பார்த்து பீச்சுகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற பீச். புதுச்சேரியில் சின்ன வீராம்பட்டினத்து ஈடன் பீச்சும் அதே ஆண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான வழியும் கழிப்பறையும் அந்தச் சான்றின் நிபந்தனைகளில் அடக்கம். சான்று வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதோடு விடாமல், சாவி யாரிடம் என்றும் கேளுங்க. பூட்டி வைப்பது நம் ஊர் வழக்கம்.

மாமல்லபுரம்: கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து பாவிய பாதை உண்டு, நாற்காலி ஓடும். கோயிலை ஒட்டிய கடைசிப் பகுதியில் படியும் கரடுமுரடான கல்லும். சுற்றி நின்று பார்க்கலாம், உள்ளே கஷ்டம். அர்ச்சுனன் தபசு ரோட்டோரத்திலேயே இருக்கிறது, இந்த ஊரில் நாற்காலியில் இருப்பவருக்கு முழுசாகக் கிடைக்கும் சிற்பம் அதுதான், அவசரப்படாமல் பாருங்க. ஐந்து ரதம் முழுக்க மணல். தொல்லியல் இடங்கள் காலை 6 முதல் மாலை 6 வரை, முதல் ஆளாகப் போனால் வெயிலும் கூட்டமும் இருக்காது.

பாண்டி: கடற்கரைச் சாலை. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடமாட்டார்கள். தார் ரோடு முழுக்க நடப்பவர்களுக்கு, ஒன்றேகால் கிலோமீட்டர் சமதளம். யாரும் தள்ளாமல் அவரே ஓட்டிக்கொண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டே போக, இந்தக் கிழக்குக் கரையில் இதற்கு ஈடான இடம் வேறில்லை என்பேன். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கருங்கல் குவியல், ஆகவே தண்ணீரைத் தொட முடியாது. துறைமுகம் வந்தபின் மணல் வடக்கே வருவது தடைபட்டு, கரை அரித்துப் போனதால் கொட்டிய கல் அது. பிறகு கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததில் தலைமைச் செயலகப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கிறது.

பாரடைஸ் பீச்சை இந்தத் தடவை விட்டுவிடுங்க. சுண்ணாம்பாற்றில் படகில் ஏற்றி இறக்கித் தூக்கணும், இறங்கினால் ஆழ மணல்.

#8 — ஆரக்கால்

மணலுக்கு வருவோம். நாற்காலி மணலில் ஏன் நிற்கிறது? முன்சக்கரம். 6–8 அங்குலம் விட்டம், அகலம் ஒரு அங்குலம். எடையில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அந்த இரண்டு சக்கரத்தில். தள்ளத் தள்ள முன்பக்கம் புதையும், புதையப் புதைய எடை முன்னால் வரும். முன்னோக்கித் தள்ளுவது அதனால்தான் நடக்காத காரியம்.

காசு கம்மியான வழி பிளைவுட். 8க்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று வாங்கி, 8 அடிப் பக்கத்தை 32 அங்குலமாக மூன்று துண்டு போடச் சொல்லுங்க. துண்டு 4 அடி நீளம், 32 அங்குல அகலம், 7 கிலோ சுமார். 25 அங்குல நாற்காலிக்குப் பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் மிச்சம் இருக்கும். இரண்டு துண்டு அடியில், மூன்றாவதை முன்னால் போட்டு, ஏறியதும் பின்னாலிருப்பதை எடுத்து முன்னால். இரண்டு பேர் பலகைக்கு, ஒருவர் நாற்காலிக்கு. ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கட்டுங்க, இல்லாவிட்டால் மணலுக்குள்ளிருந்து பலகையை உருவ விரல்தான் கிழியும்.

வழுவழுப்பான பக்கம் ஈரமானால் வழுக்கும். மேலே கயிற்றுப் பாய் ஒன்றை அடித்துவிடலாம். ஆணி வேண்டாம், தலை கிளம்பினால் டியூப் போச்சு. ஃபெவிகாலும் கடல் தண்ணீருக்கு நிற்காது. ஓரத்தில் துளை போட்டு நைலான் கயிற்றால் தைத்துவிடுங்க.

9 மில்லிமீட்டர் எடுத்தால் எடை குறையும், ஆனால் மேடுபள்ளத்தில் நடுவில் வளைந்து முன்முனை தூக்கும். 12தான்.

#9 — சக்கரம்24

பிளைவுட் 20 மீட்டருக்குச் சரி. 100 மீட்டர் என்றால் ஊர்வலம் மாதிரி ஆகிவிடும், சுற்றிக் கூட்டம் கூடும், உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடச் சங்கடம் கிடையாது.

திருப்பிப் போட்டு இழுப்பதுதான் வழி. கடலுக்கு முதுகு காட்டி, நாற்காலியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரத்தை மணலிலிருந்து நாலு விரல் தூக்கி, பெரிய சக்கரத்திலேயே பின்னோக்கி. ஒருவர் கைப்பிடியில். இன்னொருவர் முன்னால், இரண்டு கையும் நாற்காலிச் சட்டத்தில், எடையைத் தாங்கிக்கொண்டு கூடவே நடக்கணும். 30 அடிக்கு ஒரு நிறுத்தம். பின்னால் இழுப்பவர் கால் இடறி உட்கார்ந்தால் நாற்காலி அவர் மேல் மல்லாக்கும், அதனால் மூன்றாவது ஆள் ஒருவர் வழி பார்த்துச் சொல்லிக்கொண்டே வரணும்.

முன்னால் பிடிப்பவர் கவனிக்க: கைத்தாங்கியையும் கால்தாங்கியையும் பிடித்துத் தூக்காதீங்க. இரண்டும் கழன்று கையோடு வரும். சீட்டுக்குக் கீழே செங்குத்தாக இறங்கும் சட்டம்தான் பிடி.

டயர் காற்றைப் பாதியாக இறக்கினால் மணலில் கொஞ்சம் இலகு. ரோட்டுக்கு வந்ததும் அடிக்க சைக்கிள் பம்ப் கையில் இருக்கணும்.

#10 — ஆரக்கால்

பின்னோக்கி இழுப்பதை ஒத்துக்கறேன், தூரத்துக்கு அதுதான். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்க அடியில் பலகை வேணும். ஈர மணலில் நாற்காலியைக் கடலைப் பார்த்து நிறுத்தினால் என்ன ஆகும் பாருங்க: அலை வரும்போது ஒன்றும் ஆகாது. திரும்பிப் போகும்போது சக்கரத்துக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும். மூன்று நாலு அலையில் பின்சக்கரம் இறங்கி, ஆள் மெதுவாகப் பின்னால் சாய்வார். பிரேக் போட்டிருப்பது இதற்கு உதவாது, சக்கரம் உருளவில்லை, புதைகிறது. ஆகவே இரண்டு துண்டுப் பலகை அடியில், பின்னால் கைப்பிடியில் ஒரு ஆள், அவர் கையில் போன் இருக்கக் கூடாது.

#11 — கடலோடி

அதற்கு நேரமும் பாருங்க. இந்தக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிசில்லை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு மீட்டர் சுமார். ஆனாலும் நீர் வற்றும் நேரத்தில் கெட்டியான ஈர மணல் அகலமாகக் கிடைக்கும், அதில் நாற்காலி பாதி தானாகவே ஓடும். வற்று நேரம் விடிகாலையில் வருகிற நாளாகப் பார்த்து வையுங்க. ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல், உப்புக்காற்றும் மத்தியான வேகத்துக்கு வந்திருக்காது.

முழங்கால் ஈரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்க. இங்கே அலை கரையிலேயே வந்து உடைகிற ரகம், கீழே இழுப்பும் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களே மெரினாவில் இறங்கக் கூடாது.

#12 — பிசியோ நெல்லை

டி10 என்று எழுதியிருந்தீர்கள். காயத்துக்குக் கீழே உணர்வு இல்லை என்று வைத்துச் சொல்கிறேன்.

சூடு. வெயிலில் நின்ற காரின் சீட், பெல்ட் பக்கிள், நாற்காலியின் இரும்புச் சட்டம் எல்லாம் தொடையைச் சுடும், அவருக்குத் தெரியாது. உட்காருமுன் இன்னொருவர் புறங்கையை வைத்துப் பாருங்க. ரொம்பப் பேர் செய்கிற தப்பு, ஓட்டல் பார்சலை அவர் மடியில் வைப்பது. சூடான சாம்பார் பொட்டலம் பத்து நிமிஷம் இருந்தால் கொப்புளம். வாங்கிய பார்சல் உங்கள் கையில் வரட்டும்.

அழுத்தப் புண். நாற்காலியில் 20–30 நிமிஷத்துக்கு ஒரு தடவை முன்னால் நன்றாகக் குனிந்து ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கணும். காரில் இதைத்தான் மறப்பார்கள். சென்னை–பாண்டி 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல், அதனால் போனில் அலாரம் வையுங்க. காற்றுக் குஷன் என்றால் கிளம்பும்போது ஒரு தடவை, வெயிலில் நின்ற பிறகு ஒரு தடவை கை விட்டுப் பாருங்க. உட்காரும் எலும்புக்கும் குஷன் அடிக்கும் நடுவில் அரை முதல் ஒரு அங்குலம். காரில் உட்காரும்போதும் அந்தக் குஷன் மேலேயே உட்காருவது நல்லது.

மணல். துணிக்குள் புகுந்த மணலும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் உப்புத்தாள். கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்த துணி மாற்றியபிறகுதான் குஷனில் உட்காரணும். ராத்திரி கண்ணாடியில் பின்பக்கம், குதிகால், கணுக்கால் பார்க்கச் சொல்லுங்க. அரை மணி நேரமாகியும் போகாத சிவப்பு இருந்தால் ஞாயிறு அந்தப் பக்கம் அழுத்தக் கூடாது. காலில் கேன்வாஸ் ஷூ. கால்தாங்கியிலிருந்து கால் நழுவி இழுபட்டால் கிளிஞ்சல் கிழித்ததே தெரியாது.

சிறுநீர். நேரத்துக்கு டியூப் போட்டு எடுப்பவர் என்றால் 4–6 மணிக்கு ஒரு தடவை. காலை 7 மணிக்குக் கிளம்பினால் 11க்குள் ஒரு சுத்தமான இடம் வழியில் தெரிந்திருக்கணும். பெட்ரோல் பங்க் கழிப்பறைகளில் படியும் குறுகிய கதவும் சகஜம், அதனால் காரிலேயே முடிக்கிற ஏற்பாடு வையுங்க: ஜன்னலுக்குத் துணி, யூரின் பாத்திரம், சானிடைசர், டிஷ்யூ, கட்டின கவர். எல்லோரும் இறங்கி டீ குடிக்கிற பத்து நிமிஷம் போதும். போகிற வழியில் இடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு, திரும்பி வந்த மூன்றாம் நாள் காய்ச்சலாக வரும்.

டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் இன்னும் கறாராக. அவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, வெயிலில் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். தெளிக்க ஒரு பாட்டில் தண்ணீர், கழுத்துக்கு ஈரத்துண்டு. திடீர் தலைவலி, முகச் சிவப்பு, ரத்த அழுத்தம் எகிறினால் நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் பை மடங்கி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். இறங்கவில்லை என்றால் 108.

#13 — மணப்பாடு

எலெக்ட்ரிக் நாற்காலி உள்ளவர்களும் இந்த உரையாடலைப் படிப்பார்கள் என்பதால்: மணல் பக்கமே வேண்டாம், 40–50 கிலோ புதைந்தால் தூக்க ஆள் போதாது. ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பாலித்தீன் கவர் ரப்பர் பேண்டோடு. உப்புக்காற்று முதலில் பழுதாக்குவது சார்ஜர் சாக்கெட்டை. கியரை விடுவிக்கும் லீவர் எங்கே என்று கூட வருகிற எல்லோருக்கும் காட்டி வையுங்க.

கை நாற்காலியில் முன்னால் மாட்டுகிற மோட்டார் பாண்டி கடற்கரைச் சாலைக்கு அருமை. ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் மாதிரி. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் தூரம். ஆனால் கூட நடக்கிற நண்பர்களுக்கு மூச்சு வாங்கும், அது வேற கதை.

#14 — ஆரக்கால்

கடலிலிருந்து வந்தபின் நாற்காலிக்கு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, கேட்காமலே சொல்றேன்.

அன்றைக்கே நல்ல தண்ணீர். பிரஷர் வாஷ் அடிக்காதீங்க, உப்பை பேரிங்குக்குள் தள்ளும். பக்கெட், மக், பழைய பிரஷ். முன்சக்கர அச்சு, முன் கவட்டை திரும்புகிற இடம், மடக்குகிற குறுக்குச் சட்டத்தின் நடு போல்ட், பிரேக். கழுவி, நிழலில் காய்ந்தபின் டபிள்யூடி-40 அடித்துத் தண்ணீரை வெளியேற்றி, துடைத்துவிட்டு மெஷின் ஆயில் ஒரு சொட்டு. வெறும் டபிள்யூடியோடு விட்டால் ஒரு வாரத்தில் கிரீச்சிடும். ஈரத்தோடு கிரீஸ் வைத்தால் உப்பை உள்ளே வைத்துப் பூசியது மாதிரி.

முன்சக்கர பேரிங் பல நாற்காலியில் 608 நம்பர். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். ஸ்கேட்டிங் ஷூவில் இருக்கிற அதே சாமான், பேரிங் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 4 வாங்கி வையுங்க. முதலில் ஒன்றைக் கழட்டி அளந்துவிடுங்க, சில நாற்காலியில் வேறு.

பின்டயர் 24க்கு 1 3/8. சைக்கிள் கடையில் 24 அங்குலம் என்று கேட்டால் வேறு விட்ட டயரைக் கொடுப்பார்கள், ரிம்மில் உட்காராது. டியூப் மட்டும் அவசரத்துக்கு உதவும், வால்வ் ஓட்டை ஒத்துப்போகணும். ஒரு டியூபும் பஞ்சர் கிட்டும் கூடவே இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

#15 — அடையாறு ஐவர்

கடைசியாக முடிவு செய்தது: சனி காலை 6 மணிக்கு மெரினா மரப்பாதை, பிறகு மாமல்லபுரத்தில் தபசு, மதியத்துக்குப் பாண்டி, சாயங்காலம் கடற்கரைச் சாலை, ஞாயிறு விடிகாலை ஈடன் பீச்சில் கால் நனைப்பது. கோவளத்தை விட்டாச்சு. பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ராவையும் விட்டோம், அந்த வீடுகளுக்கெல்லாம் திண்ணை உயரம்.

தங்குமிடம் ஒன்று கிடைத்திருக்கிறது. தரைத்தளம், வாசலில் படி இல்லை, கட்டில் 21 அங்குலம். ஆனால் பாத்ரூம் கதவுக்கு டேப் வைத்து அனுப்பிய போட்டோவில் சாய்தளம் சொன்ன அதே இருபத்து நாலேமுக்கால்! கதவு பிவிசி. மற்றது எல்லாம் சரியாக இருக்கிறது, விட மனசில்லை. கமோட் 16 அங்குல உயரம், கைப்பிடி கிடையாது.

#16 — சக்கரம்24

சனிக்கிழமை கொஞ்சம் நெருக்கம். மெரினாவையும் தபசையும் ஒரே காலையில் வைத்தால் ஏறி இறங்குவதே ஏழெட்டுத் தடவை, தோள்பட்டை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும். மெரினா உங்கள் ஊரிலேயே இருக்கிறது, இன்னொரு நாள் போகலாம். அதை எடுத்துவிடுங்க.

#17 — சாய்தளம்

கதவைக் கழட்டச் சொல்லுங்க. பிவிசி கதவு எடையே இல்லை, மூன்று கீல், ஒரு ஸ்க்ரூடிரைவர், பத்து நிமிஷம். 26 அங்குலம் கிடைக்கும், பக்கத்துக்கு அரை அங்குலம். கை வளையத்தில் இருந்தால் விரல் முட்டி சிராய்க்கும், அதனால் அவர் கையை மடியில் வைத்துக்கொள்ள, பின்னாலிருந்து ஒருவர் நேராகத் தள்ளணும். வாசலுக்கு, இரண்டு பக்கமும் அழுத்தி நிற்கிற திரைக் கம்பி ஒன்றும் கனமான ஸ்கிரீன் துணியும் வீட்டிலிருந்து கொண்டுபோங்க, ரிசார்ட் பெட்ஷீட்டைக் கட்டினால் பாதியில் அவிழும். அந்தத் திரைக் கம்பியைப் பிடித்து யாரும் எழுந்திருக்கக் கூடாது, அது கைப்பிடி இல்லை.

கமோட் 16 என்றால் அவர் நாற்காலிக்கு 4–5 அங்குலம் கீழே. இறங்கிவிடுவார், ஏறுவதற்குச் சிரமம். கமோட் மேல் நிற்கிற மாதிரி மடக்குக் கமோட் நாற்காலி, சக்கரம் இல்லாதது, கால் உயரம் மாற்றக்கூடியது, மருத்துவச் சாதனக் கடையில் கிடைக்கும். 19 அங்குலத்துக்கு வையுங்க, கைப்பிடியும் அதிலேயே வந்துவிடும், குளிக்கவும் அதுவே. கால் நாலிலும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்க. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குளிக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், பக்கவாட்டில் எடை வரும்போது ஈர டைல்ஸில் கால் விரியும்.

விடுதிக்காரரிடம் கதவைக் கழட்ட முன்கூட்டியே சொல்லி, வாட்ஸாப்பில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்க. ஸ்க்ரூவை எல்லாம் ஒரு கவரில் போட்டு, நிலையிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்க. ஞாயிறு காலை திரும்ப மாட்டும்போது ஒன்று குறையும், எப்பவும் குறையும், ஒரு அங்குல ஸ்க்ரூ நாலு கூடுதலாகக் கொண்டுபோங்க.